கன்னியம்மாவின் பிடியில் என் கால்

இராயபுரம்
ஆகஸ்டு 1953

அன்பு மகள் சுகிர்தத்துக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் அம்மாவும் இங்கே சுகம், சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். அப்பா காலுக்கு என்ன என்று பதறிக் கேட்டிருந்தாய், இப்போது நன்றாக நடக்கிறேன்.

நடந்தது இதுதான். கடையில் மிளகாய் மூட்டை இறக்கும்போது உள்ளங்காலில் ஆணி ஏறிவிட்டது, மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பித் துணியால் கட்டிக்கொண்டு அம்மாவிடம் மூச்சு விடவில்லை. கால் வீங்கிச் செருப்பு ஏறாமல் போனதும் அவளே கண்டுபிடித்து, தெருவுக்கு வரும் சுகாதார நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டாள். நர்ஸம்மா கூடக் கன்னியம்மா என்று ஓர் ஆயா வருவாள், காசிமேட்டில் மீன் விற்றவள், பெட்டி தூக்குவது, வெந்நீர் வைப்பது, ஊசிக்குப் பயந்து ஓடுகிறவர்களைப் பிடிப்பது எல்லாம் அவள் வேலை. ஊசி என்றால் நான் எப்படி என்று உனக்குத் தெரியுமே, இருவரும் கடைப்படி ஏறியதும் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன். கணக்குப்பிள்ளை சுப்புராஜ், முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்று கூசாமல் சொன்னான். அந்த நேரம் பார்த்து மிளகாய் நெடியில் எனக்குத் தும்மல் வந்தது, ஒன்றோடு நிற்கவுமில்லை. கன்னியம்மா மூட்டையை நகர்த்தி எட்டிப் பார்த்து, "இன்னா மொதலாளி, வெளியூரு இங்கியே கீதா?" என்றாள். கடையில் சரக்கு வாங்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

வஞ்சிர மீனைப் பிடிக்கிற மாதிரி என் காலை மடியில் அழுத்திக்கொண்டாள். நான் போட்ட கூச்சலுக்கு, "இன்னாத்துக்குக் கூவறே, நர்ஸம்மா இன்னும் கையே வெக்கல" என்றாள். ஆனால் நர்ஸம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்து, புரையோடிவிட்டது, இன்னும் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன் மகளே. கன்னியம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, "அழுவாத நைனா, கால எங்கியும் போவ வுடமாட்டேன்" என்றாள். பிறகு ஊசி போட்டதே தெரியவில்லை.

அதன்பின் தினமும் காலையில் வந்து வெந்நீரில் கழுவி, கட்டு மாற்றி, என்னையும் ஏசிவிட்டுப் போனாள். புண் ஆறிய பிறகும் என்னை விடவில்லை. போன வாரம் திருமலை என்கிற கட்டுமரக்காரர் கை வெட்டுக்கு ஊசி வேண்டாம் என்று வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாராம், என்னை அங்கே இழுத்துப்போய் ஜன்னலுக்கு எதிரே காலைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அவரும் கதவைத் திறந்தார். இப்போது இன்னொரு வீட்டுக்கும் கூப்பிட்டிருக்கிறாள். நர்ஸுக்கு ஆயா உதவி, ஆயாவுக்கு இவர் உதவி என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

குழந்தைக்கு அம்மை குத்தியாயிற்றா என்று எழுது. குத்த வருகிறவர்களோடு வரும் ஆயாவுக்கு ஒரு வாய்க் காப்பி கொடு. கர்த்தர் உங்கள் வாசலைக் காக்கட்டும்.

என்றும் உன் அப்பா,
வேதமாணிக்கம்