மூன்றாம் அங்கத்தில் வரும் அக்கா

லண்டன்,
3 மார்ச் 1924

அன்புள்ள அக்கா மேபலுக்கு,

நலம்தானே? ஸ்கிப்டனில் இன்னும் பனி விழுகிறதா? ஈஸ்டர் வருவதால் கடையில் தொப்பி வேலை மும்முரமாக இருக்கும். ஐந்து வருஷமாக எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பதினொரு நாவலும் நான்கு நாடகமும் எழுதியவனுக்கு நேரம் ஏது?

ஒரு சின்னக் காரியம். என் புது நாடகம் இருபத்திரண்டாம் தேதி அரங்கேற வேண்டும். அதில் சிற்றூரில் தொப்பிக்கடை நடத்தும் கல்யாணமாகாத அக்கா ஒருத்தி வருகிறாள். வெறும் கற்பனைதான். நாவலில் யாரை எழுதினாலும் கேட்பாரில்லை. நாடகம் என்றால் மேடையேற்ற அனுமதி தரும் அரசாங்க உரிம அலுவலகம் வரிவரியாகப் பார்க்கும். உயிரோடிருப்பவரை மேடையில் காட்டக் கூடாது என்பார்கள். அந்த அக்கா நீதான் என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். ‘அது நான் அல்ல’ என்று நீ எழுதிக் கொடுக்காவிட்டால் உரிமம் கிடைக்காது, நாடகமும் இல்லை. உடனே அனுப்பு.

உன் அன்புத் தம்பி,
ரெஜினால்ட் ஹாட்கின்

*

ஸ்கிப்டன்,
6 மார்ச் 1924

ரெஜி,

அக்காவுக்கு எழுதும்போதும் முழுப்பெயர் போட்டுத்தான் கையெழுத்திடுகிறாய். பெரிய மனிதன் அல்லவா. மொட்டைக் கடிதம் நான் எழுதியதில்லை. திட்டுவதானால் பெயர் போட்டே திட்டுவேன்.

கற்பனை என்கிறாய். அது உனக்கு எங்கே இருக்கிறது? அப்பாவின் குடியை ஒரு நாவலாக்கினாய். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்ததை இன்னொன்றாக்கினாய். சித்தியின் பொய்முடியைக்கூட விடவில்லை. வீட்டில் ஆள் தீர்ந்ததும் உன் எழுத்தில் சரக்கில்லை என்று பத்திரிகையில் ஒருவன் போட்டிருந்தான். படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன்.

முதல் நாவலுக்காகத்தான் எனக்கு வயிறு எரிகிறது. எட்வினுக்கு எழுதி, கொடுக்கத் துணிவில்லாமல் மேசை இழுப்பறையில் வைத்திருந்த காதல் கடிதத்தை எழுத்து மாறாமல் அச்சிட்டாய். எட்வினை எட்கர் ஆக்கினாய், உன் உழைப்பு அவ்வளவுதான். ஊரே அதை ஒப்பித்துச் சிரித்தது. அவர் வங்கியில் மாற்றல் கேட்டு ஹல் நகரத்துக்குப் போய், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். பதினாறு வருஷம் ஆகிறது. ஒரு தடவையாவது என்னிடம் மன்னிப்புக் கேட்டாயா?

நேற்று ஜெபக்கூட வாசலில் பிளென்கின் அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்மா மேபல், உன் தம்பி உன்ன நாடகத்துல போடுறானாமே?” என்றாள்.

“ஆமாங்க. நீங்க வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க” என்றேன்.

“நான் எதுக்கும்மா? அவன் எழுதுறதெல்லாம் நாங்க இங்கயே பாத்ததுதானே.”

இந்த ஊரில் உன் இலக்கியத்துக்கு இருக்கும் மதிப்பு இதுதான். நாடகத்தை அனுப்பு. படிக்காமல் கையெழுத்துப் போட நான் உன் ரசிகை இல்லை.

மேபல்

*

லண்டன்,
8 மார்ச் 1924

அன்புள்ள அக்கா,

கைப்பிரதி அனுப்பியிருக்கிறேன். பழையதைக் கிளறாதே. அந்தக் கடிதம் வரும் அத்தியாயத்தைத்தான் விமர்சகர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஒருவிதத்தில் உனக்கும் அது பெருமைதானே? நடிகைக்கு உடைகூடத் தைத்தாயிற்று. தாமதிக்காதே.

ரெஜினால்ட்

*

ஸ்கிப்டன்,
12 மார்ச் 1924

ரெஜி,

இரண்டு தடவை படித்தேன். அவள் இருமுவது என் இருமல். கழுத்து பருத்த வாடிக்கைக்காரியிடம் பேசுவது என் பேச்சு. நான் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுவதைக்கூட எழுதியிருக்கிறாய். இத்தனையும் பார்க்கத் தெரிந்த உனக்கு, நான் அழுதது மட்டும் கண்ணில் படவில்லை.

இருந்தாலும் அவள் நான் இல்லை. பொய் சொல்லாமலே எழுதிக் கொடுக்க முடிகிறது. இதோ:

‘உரிம அலுவலகத்தாருக்கு, ஸ்கிப்டனில் தொப்பிக்கடை நடத்தும் மேபல் ஹாட்கின் எழுதிக்கொடுப்பது. நாடகத்தை முழுவதும் படித்தேன். அதில் வரும் அக்கா நான் அல்ல. மூன்றாம் அங்கத்தில் அவள் தன் தம்பியை, அவன் கேட்காமலே மன்னித்து, தலையைத் தடவிக் கொடுக்கிறாள். நான் என் தம்பியை மன்னிக்கவில்லை.’

இதை அப்படியே கொடு, உரிமம் கிடைக்கும். கேட்டிருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை. அரங்கேற்றத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. கேட்பதற்கு ஒரு வரி போதும்.

மேபல்

*

லண்டன்,
14 மார்ச் 1924

அன்புள்ள அக்கா,

மிக்க நன்றி. பெரிய உதவி செய்தாய். ஆனால் அலுவலகத்துக்கு முதல் மூன்று வாக்கியங்களே போதும் என்கிறார் அரங்க மேலாளர். கடைசி இரண்டையும் எடுத்துவிட்டு வேறு தாளில் எழுதி உடனே அனுப்பு. தபால்தலை ஒட்டிய உறை வைத்திருக்கிறேன்.

உன் அன்புத் தம்பி,
ரெஜினால்ட் ஹாட்கின்

பி.கு.: அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள் பிரமாதம். அடுத்த நாடகத்தில் சேர்த்துக்கொள்கிறேன். உனக்கு ஆட்சேபம் இருக்காதே?