பெயர் இல்லாமல் வந்த தாள்

காரக்கோல்,
மார்ச் 9

அன்புத் தங்கை புருலுக்கு,

குழந்தைகள் இல்லத்திலிருந்து ராய்கான் அக்கா எழுதுவது. மாஸ்கோ குளிரில் வேலை பார்க்கும் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஜிபெக் நலம். போன மாதத்தைவிட ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறாள். மற்ற ஏழு பிள்ளைகளோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தொலைபேசியில் பேசினால் நீ அழுகிறாய், நானும் அழுகிறேன், காரியம் ஒன்றும் நடப்பதில்லை. அதனால் கடிதமாக எழுதி, விமானம் ஏறும் உன் ஊர்க்காரியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் காரியம். தூதரக முத்திரையோடு நீ அனுப்பிய தாளைக் குழந்தைகள் நல அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மகளை யாரிடம் ஒப்படைக்க உனக்குச் சம்மதமில்லையோ அவருடைய பெயர் வர வேண்டிய இடத்தில் ‘பெரிய வீட்டுக்காரர்’ என்று எழுதியிருக்கிறாய். அங்கே இருக்கும் அதிகாரி அம்மா நகரத்துக்காரி. “அந்த வீட்ல அண்ணன் தம்பி மூணு பேர் இருக்காங்களே, இதுல யாரும்மா பெரிய வீட்டுக்காரர்? பேரு எங்க?” என்று கேட்டாள். புருஷனின் அண்ணன் பெயரை நம் பெண்கள் வாயாலும் சொல்ல மாட்டார்கள், கையாலும் எழுத மாட்டார்கள் என்று சொன்னேன். சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சட்டம் அவள் பக்கம்தான்.

இருபத்தாறாம் தேதி விசாரணை. அதற்குள் பெயரோடு தாள் வராவிட்டால், தாய்க்கு ஆட்சேபம் இல்லை என்று வைத்துக்கொண்டு, அப்பன் வழிச் சொந்தம் என்று ஜிபெக்கை அவரிடமே அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து, நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை உன் புருஷனின் அண்ணன், ஊர்ப் பெரியவர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு, ஆட்டுக்கறியும் கையுமாக வந்து நின்றார். பிள்ளையின் சம்மதம் இல்லாமல் யாரும் அவள் முன்னால் வரக் கூடாது என்பது இந்த வீட்டு விதி. மற்றவர்களுக்கு அதைப் படித்துப் படித்துச் சொல்பவள் நான்தான். ஆனால் இரண்டு வெள்ளைத்தாடிகளை வாசலில் நிற்கவைக்க மனம் வரவில்லை. உட்காரவைத்தேன். அது போதாதென்று, வீட்டுப் பெண்தானே தேநீர் ஊற்ற வேண்டும் என்று ஜிபெக்கையே கூப்பிட்டேன். இருபது வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்குப் புத்தி எங்கே போயிற்று?

“வாடி கண்ணு, பெரியப்பாவுக்கு ஒரு கிண்ணம் ஊத்து. வீட்டுக்குப் போலாம். உன் ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு” என்றார் அவர். ஜிபெக் பெரியவர்கள் இருவருக்கும் பாதிப் பாதிக் கிண்ணம் ஊற்றினாள். அவருக்கு மட்டும் விளிம்புவரை ஊற்றினாள், அதற்குமேலும் ஊற்றினாள். தேநீர் விரிப்பில் ஓடி அவர் முழங்காலை நனைத்தது. “என்னடி இது, விருந்தாளிக்கு ஊத்துற லட்சணமா? பாதிக் கிண்ணந்தானே மரியாதை!” என்று நான் அதட்டினேன்.

அதட்டிய பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். அது நடுங்கவே இல்லை. ததும்ப ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம் என்பது நம் வீட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? எனக்கு முன்னாலேயே ஒரு பெரியவருக்குப் புரிந்துவிட்டது. தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “எந்திரிப்பா, பிள்ளை சொல்லிட்டா” என்றார். கறியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜிபெக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வாரமாகக் காலணியைக் கழற்றிவிட்டுத் தூங்கியவள், அன்று மறுபடியும் ஓடத் தயாராக அதைப் போட்டுக்கொண்டே படுத்தாள். அது என்னால் வந்தது.

செவ்வாய்க்கிழமை மனநல மருத்துவர் வந்தார். இத்தனை மாதமாக அந்த வீட்டு ஆட்டுத் தொழுவத்தைப் பற்றி வாய் திறக்காத பிள்ளை, தன்னை அங்கே வைத்துப் பூட்டியது யார் என்று அவரிடம் பெயரோடு சொன்னாளாம். ஷர்ஷென் பெரியப்பா என்று. அந்தப் பெயரைப் படிக்கவே உனக்குக் கூசும், தெரியும். ஏழை சொல் மட்டுமா, பிள்ளை சொல்லும் அம்பலம் ஏறாது. தாய் எழுத வேண்டும் என்கிறார்கள்.

நேற்று அவளுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தேன். “அம்மாவுக்கும் அவர்னா பயமா?” என்று திடீரென்று கேட்டாள். நல்லதற்காகக்கூட இந்த வீட்டில் பிள்ளைகளிடம் பொய் சொல்வதில்லை. ஆமாம் என்றேன். “அப்ப அம்மாவும் இங்கயே வந்து இருக்கட்டும் அக்கா. என் பக்கத்துக் கட்டில் காலியாத்தானே கிடக்கு” என்றாள்.

பயப்படாதே என்று உன்னிடம் நான் எப்படிச் சொல்வேன்? அந்த வீட்டில் வாழ்ந்தவள் நீ. செத்துப்போன உன் புருஷன் கோபித்துக்கொள்ள மாட்டான், அவன் ஜிபெக்கைப் பெற்றவன். கை நடுங்கினால் நடுங்கட்டும். கோணல்மாணலான எழுத்தையும் அலுவலகத்தில் வாங்கிக்கொள்வார்கள். எழுதிவிடு, தங்கையே.

உன் கைக்குக் கடவுள் துணை இருக்கட்டும்.

உன் அக்கா,
ராய்கான்