புளியங்கொட்டை கலக்காத காப்பி

பிப். 12, வியாழன்

காலையில் நல்ல பனி. எதிரே கிணறு கூடத் தெரியவில்லை. பழைய அலுமினிய பில்டர் இன்றும் கழுத்தை அறுத்தது. அடி நசுங்கல், பாதி ஓட்டை அடைப்பு. கரண்டியால் தலையில் தட்டித் தட்டி அரை தம்ளர் டிகாஷன். அதுவும் கழுநீர்.

போன வாரம் போளூரில் அண்ணி சொன்னது இன்னும் காதில்: "ஒரு வாய் நல்ல காப்பிக்கு வழியில்லாத மலையில இன்னா பெரிய நர்ஸு வேலை?" கடைப் பொடி எல்லாமே புளியங்கொட்டைக் கலப்படமாம். நாக்கில் பட்டாலே அவளுக்குத் தெரிந்துவிடுமாம். பெரிய நாக்கு!

வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு அண்ணனும் அவளும் இங்கே வருகிறார்கள். என் பிழைப்பு அவளுக்குப் பிடிக்காவிட்டால் அண்ணன் எங்கள் ஆபீசில் பேசி என்னைக் கீழே மாற்றிவிடுவான். செய்யக்கூடியவன்தான். எனக்கு இந்த மலை பிடித்துப்போயிற்று. இறங்க மாட்டேன்.

பிப். 14, சனி

வாங்கியாயிற்று! பித்தளை பில்டர், பெரிய சைஸ். கூடவே காப்பிக்கொட்டையும், அதை அரைக்கிற மெஷினும். முழுக்க இரும்பு, பலகை ஓரத்தில் முடுக்கிவிட்டுக் கையால் சுற்றுவது. போளூரிலிருந்து ஜீப்பில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். தொடை மரத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் சாமை திரிக்கவா என்று கேட்டார். காப்பிக்கு என்றேன். ஜீப்பே சிரித்தது. சிரிக்கட்டும்.

பிப். 15, ஞாயிறு

திருகாணியை இறுக்கினால் மாவு. டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது. தளர்த்தினால் ரவை, வெந்நீர் கடகடவென்று ஓடிவிடுகிறது. தோள்பட்டை வலி. நெற்றியெல்லாம் பொடி.

பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு (இனி சி.பொ.) உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பிறந்ததிலிருந்து காப்பி குடித்ததில்லையாம். "கொட்டைய வறுத்து, அரைச்சி, சாறு எடுத்துட்டு மிச்சத்த வீசிட்றீங்களே நர்ஸம்மா, பாவமா இல்ல?"

பிப். 18, புதன்

வந்துவிட்டது! வந்தேவிட்டது! திருகாணியை இறுக்கி, துளி தளர்த்தினால் போதும். டிகாஷன் சொட்டுச் சொட்டாக, கருகருவென்று. சி.பொ. மாட்டுப் பால் வேறு, தண்ணீரே பார்க்காதது. ஒரு வாய் குடித்துவிட்டுத் தனியாக நின்று சிரித்தேன். சி.பொ.வுக்கும் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள். ஆனால் தம்ளரைக் காலி பண்ணிவிட்டுத்தான் கொடுத்தாள்.

ஞாயிறுக்கு: வீடு மெழுக, சர்க்கரை, டவரா துலக்க. பழைய பில்டர் பரணுக்கு.

பிப். 20, வெள்ளி

இரண்டு நாளாக நானும் சி.பொ.வும் குடித்தே தீர்த்துவிட்டோம். கொட்டை ஒரு பிடிதான் மிச்சம். ஆளுக்கு ஒரு தம்ளர் வரும். போதும். போளூர் போய் வாங்கலாமென்றால் பஸ் இன்றும் வரவில்லை.

பிப். 22, ஞாயிறு

விடிகிற நேரம் கதவைத் தட்டினார்கள். மேலூர்க்காரி ஒருத்திக்குப் பிரசவ வலி. போகாமல் முடியுமா? சாவியைச் சி.பொ. கையில் கொடுத்து, அண்ணி வருவாள், நான் போடுகிற மாதிரியே போட்டுக் கொடு என்றேன். வழியெல்லாம் காப்பியை நினைத்தே கவலை. பிரசவத்தை நினைத்து அல்ல. அதை நான் பார்த்துக்கொள்வேன்.

பெண் குழந்தை. தாய் நலம். ஒரு பலாப்பிஞ்சு கொடுத்தனுப்பினார்கள். முழங்கால் வரை மண்ணோடு நான் திரும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது.

உள்ளே அண்ணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், கையில் தம்ளர். மூன்றாவது என்றான் அண்ணன்.

"இதான்டி காப்பி. கொட்டைய வாங்கி வூட்லயே அரைச்சா இப்படித்தான். ஒரு பொட்டு புளியங்கொட்டை இல்ல, நாக்கு சொல்லுது பாரு." பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "ஆபீஸ்ல ஒண்ணும் பேச வாணாம். அவ இங்க நல்லாத்தான் கீறா."

ஜெயித்துவிட்டேன்! பலாப்பிஞ்சைக் கீழே வைக்கக்கூட மறந்து சமையலறைக்குள் போனேன். அப்போதுதான் உறைத்தது. இருந்தது ஒரு பிடி. மூன்றாவது தம்ளர் எங்கிருந்து வந்தது?

மூலையில் முறம். அதில் வறுத்து உரித்த தோல், கருஞ்சிவப்பாக.

சி.பொ. என் காதோடு சொன்னாள்: "கொட்டை பத்தல நர்ஸம்மா. எங்க வூட்ல புளியங்கொட்டை கெடந்துது. அதுவும் கொட்டைதானேன்னு வறுத்து, இடிச்சி, மெஷின்ல போட்டேன். தப்பா?"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டேன்.

கிளம்பும்போது அண்ணி மிச்சப் பொடியைக் கேட்டாள். ஒரு துளி விடாமல் கட்டிக் கொடுத்தேன்.

பிப். 23, திங்கள்

பனி இல்லை. பஸ் வந்தால் போளூர், காப்பிக்கொட்டை வாங்க. அண்ணி அடுத்த மாதமும் வருகிறாளாம், இந்தக் காப்பிக்காகவே. சி.பொ.விடம் மறக்காமல் கேட்க வேண்டும்: எத்தனை பிடி போட்டாள்?