வெட்டாத ஆறு பக்கங்கள்

மாப்ள,

இன்று காலை கடைக்குக் கூரியரில் ஒரு நாவல் வந்தது. உறையைக் கிழித்ததும் வழக்கம்போல் முகர்ந்து பார்த்தேன். புது மை வாசம். புரட்டிக்கொண்டே போனால், பாதிக்குப் பக்கத்தில் இரண்டு தாள்கள் விளிம்பு வெட்டுப்படாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சிரிப்பு வந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து உன் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். உடனே வெட்டவில்லை. படித்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் வெட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.

பழங்காநத்தத்தில் பல்பும் ஒயரும் விற்கிற நானும், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நீயும் நம்மை விமர்சகர்கள் என்று நினைத்துக்கொண்டோம். யாரும் நம்மைக் கேட்கவில்லை, நாமும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோ. இடைவேளையில் ஆளுக்கொரு டிக்கெட்டின் பின்னால் ஒரு வரி எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். படம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் சத்தமாகப் படிக்க வேண்டும். என்னுடையது எப்போதும் தீர்ப்புதான். 'ஹீரோ நடக்கிறார், நடிக்கவில்லை' என்று ஒருமுறை எழுதி, அதை நானே ஒரு வாரம் ரசித்துக்கொண்டிருந்தேன். உன் டிக்கெட்டில் பெரும்பாலும் ஒரே வரி: 'பாதிதான முடிஞ்சிருக்கு.'

"இத எழுத எதுக்குடா பேனா?" என்று எரிந்து விழுவேன்.

"நீ இடைவேளையிலயே படத்தத் தூக்குல போட்டுர்ற மாப்ள. அதுக்கப்புறம் அந்தாளு எம்புட்டு நல்லா எடுத்தாலும் ஒன் கண்ணுக்குத் தெரியாது" என்பாய்.

உன் ரசனையையும் சொல்லத்தான் வேண்டும். திரையில் ஒரு நாய்க்குட்டி நொண்டினால் போதும், உனக்குக் கண் கலங்கிவிடும். நீ நல்ல படம் என்று சாதித்தவற்றில் பாதியை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்த நாவல் வந்தது. திருமங்கலத்துப் பக்கம் ஒரு டீச்சர் எழுதிய முதல் நாவல். லாட்ஜில் அறை பெருக்கும் ஒரு அம்மாவின் கதை. என் வலைப்பூவில் எழுதினேன்: 'இந்த அம்மா நாவல் முழுக்க வாயே திறப்பதில்லை. சொல்ல ஒன்றுமில்லாதவர் எழுதிய, சொல்ல ஒன்றுமில்லாத அம்மா.' அந்த வரியை நிறையப் பேர் பகிர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் படித்ததோ முதல் தொண்ணூறு பக்கமும் கடைசி அத்தியாயமும்தான்.

நீ அந்தப் புத்தகத்தை என்னிடம் இரவல் வாங்கிப் போனாய். பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்து அதை மேஜைமேல் வைத்தாய். அதன்மேல் உன் கடை ஸ்கேலை வைத்தாய்.

"நூத்தி நாப்பதாம் பக்கத்துக்கிட்ட நாலு தாளு ஒட்டியிருக்கு மாப்ள. உள்ள ஆறு பக்கம். வெட்டாம எப்டிப் படிச்ச?"

சுவிட்சு வாங்க வந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மானம் போயிற்று.

"தொண்ணூறு பக்கத்துல தெரியாததா? ஜெராக்ஸ் போடுறவனுக்குத்தான்டா எல்லாப் பக்கமும் வேணும்" என்றேன்.

உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

"நான் இடுக்கு வழியா எட்டிப் பாத்துட்டேன். ஆனா வெட்டல. நீதான் வெட்டணும்" என்றாய். "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். ஸ்கேலை எடுத்துக்கொள்ளவில்லை.

வீம்பு பிடித்தவன் நான். புத்தகத்தை அப்படியே அலமாரி உச்சியில் ஏற்றினேன். இரண்டு மாதம் பேச்சு இல்லை. கடைசியில் நீதான் இறங்கி வந்தாய். "ஞாயித்துக்கெழம மேட்னிக்கு வாரியா மாப்ள?" என்று போன் செய்தாய். கடைக்குச் சரக்கு வருகிறது என்றேன். அன்று எந்தச் சரக்கும் வரவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமை நெஞ்சுவலி என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது.

உன் கருமாதி முடிந்து வீட்டுக்கு வந்து ஸ்கேலை எடுத்தேன். ஆறு பக்கம். அந்த ஆறு பக்கத்திலும் அந்த அம்மா பேசுகிறாள். பூட்டிய அறைக்குள், யாரோ விட்டுப்போன கண்ணாடியைப் பார்த்து, செத்துப்போன புருஷனிடம் மூச்சு விடாமல் பேசுகிறாள். நான் இல்லை என்று எழுதியது அத்தனையும் அங்கே இருந்தது. அழுதேன். நாய்க்குட்டிக்கெல்லாம் அழாதவன்.

முழுதாகப் படிக்காமல் எழுதினேன் என்று மறுநாளே வலைப்பூவில் போட்டேன். வெட்டிய தாள்களின் படமும் ஸ்கேலின் படமும் சேர்த்து. 'அண்ணே இனிமே ஸ்கேலோடதான் வருவாரு' என்று ஒருவர் கிண்டல் செய்தார். செய்யட்டும், தப்பில்லை. பிறகு பதிப்பாளரிடம் எண் வாங்கி டீச்சரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"ரெண்டாவது நாவல் பாதி எழுதி வச்சிருந்தேண்ணே. நீங்க எழுதுனதப் படிச்சுட்டு எல்லாத்தயும் கட்டிப் பரண்ல போட்டுட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"எறக்குங்க டீச்சர்" என்றேன். வேறென்ன சொல்ல?

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றுதான் இப்போதும் எழுதுகிறேன். போன வாரம்கூட ஒரு படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டேன். ஆனால் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் இப்போது போனில் வந்துவிடுகிறது, பின்னால் எழுத இடமில்லை. இடைவேளையில் கை சும்மா இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் கூரியரில் வந்தது அந்தப் பரணிலிருந்து இறங்கிய நாவல்தான், மாப்ள. மதியம் சாப்பாட்டைக்கூட மறந்து படித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் கூப்பிட்டார்.

"அண்ணே, புத்தகம் வந்துருச்சா? எப்டிண்ணே இருக்கு?"

குரலில் பயம் இருந்தது. அதை வைத்தவன் நான். பிரமாதம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"பாதிதான டீச்சர் முடிஞ்சிருக்கு."

"பாதில மூடிற மாட்டீங்கள்லண்ணே?" என்றார்.

"மாட்டேன். கையில ஸ்கேல் இருக்கு."

அவர் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். போனை வைத்துவிட்டு, அந்த ஒட்டிய தாள்களுக்கு நடுவே உன் ஸ்கேலை விட்டு மெதுவாக இழுத்தேன். வெட்டு நேராகத்தான் வந்திருக்கிறது, மாப்ள.