நிழலில் நின்று பார்த்த திசை

மார்ச் 11, 2025
குஜிலியம்பாறைப் பக்கத்து டவரில் பழைய ஆன்டெனாவை இறக்கி 5ஜி பலகையை மாட்டியாயிற்று. நான் கீழே திசைகாட்டியோடு, பேச்சிமுத்து அண்ணன் உச்சியில். போனில் "இன்னும் வலது... போதும்" என்று நான் சொன்ன இடத்தில் அவர் போல்ட்டை முறுக்கினார். ஊர் இருக்கும் திசை, நூற்று முப்பது டிகிரி. வெயில் மண்டையைப் பிளந்தது. டவர் நிழலை விட்டு நான் நகரவில்லை.

மார்ச் 19
அந்த ஊரில் இ-சேவை மையம் நடத்தும் பானுப்ரியா போனில் பிடித்துக்கொண்டார். "டவர் கண்ணு முன்னாடி நிக்குது சார். ஒரு சான்றிதழ் ஏறுறதுக்குள்ள ஆளுக வெறுத்துப்போயி கெளம்பிர்றாக."

எனக்கும் புரியவில்லை. பலகைக்குள் அறுபத்து நாலு குட்டி ஆன்டெனாக்கள். அலைகளை ஒன்றோடொன்று கூட்டி, ஒவ்வொரு போனையும் தேடிப்போய் டார்ச் அடிப்பதுபோல் அடிக்கும். போன் நகர்ந்தால் கூடவே நகரும். ஆனால் எல்லாம் பலகையின் முகத்துக்கு எதிரே இருந்தால்தான். அதிர்வெண் அதிகம் என்பதால் வெகுதூரம் போகாது, சுவரும் மரமும் தடுத்துவிடும்.

மார்ச் 21
போய்ப் பார்த்தேன். பலகை அறுபது டிகிரி தள்ளிப் புளியந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஐம்பதடி தள்ளி நின்றால் திசைகாட்டி சரியாகக் காட்டுகிறது. டவர் காலடிக்குக் கொண்டுபோனால் இரும்பு முள்ளை இழுக்கிறது. பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த விஷயம். நிழலுக்கு ஆசைப்பட்டேன்.

அண்ணன் அன்றைக்கே மேலேயிருந்து கேட்டார், "சார், ஊரு இந்தப் பக்கமில்ல தெரியுது?" நான் என்ன சொன்னேன்? "ஊர வேடிக்க பாக்காதீங்கண்ணே, சொல்றதச் செய்யுங்க."

மார்ச் 24
"யாருய்யா பலகையத் தப்பாத் திருப்புனது?" என்றார் மேலாளர்.
"பேச்சிமுத்து சார்."
திருப்பியது அவர்தானே, பொய்யில்லையே?
பொய்தான்.

மார்ச் 26
வேறு ஆளை ஏற்றிப் பலகையைத் திருப்பிவிட்டார்கள். ஊருக்கு சிக்னல் வந்துவிட்டது. அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பது வருடம் டவர் ஏறியவர். என் முகத்தைப் பார்த்தார், ஏறும் பெல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 3
அண்ணன் ஒட்டன்சத்திரம் சந்தையில் லாரிக்கு மூட்டை ஏத்துறாராம். நாப்பத்தெட்டு வயசுல. எனக்குச் சோறு எறங்கல. "மேலுக்கு முடியலையா?"ன்னு வீட்டுக்காரி ரீனா நெத்தியத் தொட்டுப் பாக்குறா. அவகிட்டகூடச் சொல்ல வாயில்ல. நானெல்லாம் ஒரு மனுசன்.

ஏப்ரல் 12
தவக்காலப் பாவசங்கீர்த்தனம், சர்ச்சில் பாவங்களை அறிக்கையிடும் நாள். ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஜெரோம், அந்த மனுசனுக்கு வேல போனது கோயில்லயா, ஆபீஸ்லயா?"
"ஆபீஸ்ல ஃபாதர்."
"அப்ப அங்க போயிச் சொல்லு. அதான் உனக்குப் பரிகாரம்."

ஏப்ரல் 15
தப்பு என்னுடையதுதான் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு மாதம் வேலை கிடையாது. அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சந்தைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சார். டீ சாப்டுறீகளா?"

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மே 20
நத்தத்தில் புது டவர். மறுபடி நானும் பேச்சிமுத்து அண்ணனும். வெட்டவெளியில் போய் நின்றுகொண்டு போன் போட்டேன்.

"சார், ஒரு நிமிசம்," என்றார். கோபமில்லை, சாதாரணமாகத்தான். "நீங்க சொல்றத ரெக்கார்டு போட்டுக்கிறேன்."

"போடுங்கண்ணே" என்றேன். அவர் சரி என்று சொல்லும்வரை காத்திருந்து, பிறகு டிகிரியைச் சொன்னேன்.