பொன்னாடை போர்த்திய சனிக்கிழமை

ஜூலை 7, திங்கள்

கேரம் காய் மறுபடியும் இரண்டு குறைகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் போன மாதம் கேமரா வைத்தேன். அது சாமான் அலமாரியையே பார்த்துக்கொண்டிருக்கிறது, காயும் போய்க்கொண்டிருக்கிறது.

இன்று ஒரு பத்திரிகைப் பெண் வந்து மன்றத்தைப் பற்றிக் கேட்டாள். எனக்குச் சொல்லவா வேண்டும்? எங்கள் ஜவுளிக்கடைக் கிடங்காக இருந்த இடம், பள்ளி விட்டதும் குப்பத்துப் பிள்ளைகளும் அபார்ட்மென்ட் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறார்கள், சாதி மதம் பார்ப்பதில்லை என்று அளந்து தள்ளிவிட்டேன். வாசலில் நானே பெயின்ட் அடித்து எழுதிய 'குழந்தைகளின் பாதுகாப்பே முதல்' பலகையின் கீழே நிற்கவைத்துப் படமும் எடுத்தாள்.

சண்முகவேல் அண்ணாச்சியைப் பற்றியும் சொன்னேன். என் வீட்டுக்காரரின் ஊர்க்காரர், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு பைசா வாங்காமல் செஸ் சொல்லித் தருகிறார். துணி அடுக்கி வைத்திருந்த உள்ளறைதான் அவருக்கு. ஜன்னல் இல்லை. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். சத்தம் கேட்டால் யோசிக்க முடியாதாம். மாவட்டப் போட்டியில் பதக்கம் வாங்கிய அனுவையும் பத்திரிகைப் பெண் எதிரில் நிறுத்தினேன். பதினோரு வயது, குப்பத்துத் தேசம்மாவின் மகள். அவள் சிரிக்கவில்லை. கூச்சம் என்று நான்தான் விளக்கம் சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

அனு செஸ் அறைக்குப் போகாமல் கேரம் பலகை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கேட்டால் தலைவலியாம். அண்ணாச்சி வெளியே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "போ அனு, சார் கூப்பிடுறாங்கல்ல" என்று நான்தான் அனுப்பினேன்.

ஜூலை 15, செவ்வாய்

எழுதிவிட வேண்டும்.

மதியம் தேசம்மா வந்தாள். மீன் விற்று முடித்துக் கூடையோடு நேராக வந்திருக்கிறாள். நான் என்ன செய்தேன்? உள்ளே வா என்று சொல்லவில்லை. பாய் எல்லாம் மீன் வாசம் பிடித்துவிடும் என்று கேட்டுக்கு வெளியே நிறுத்தியே பேசினேன்.

"டீச்சர், அந்தச் செஸ்ஸு சாரு கதவச் சாத்திக்கினு எம் பொண்ணாண்ட தப்பா நடந்துக்கினு கீறாரு. மடியில உக்காருன்றாராம். கைய வெக்கக் கூடாத எடத்துல வெக்கிறாராம். வெளியே சொன்னா போட்டிக்கு அனுப்ப மாட்டேன்னாராம். மொதல்ல நானே நம்பல டீச்சர். பொய் சொல்றான்னு அவள ஒரு அறை விட்டேன். ராத்திரியெல்லாம் அழுதுகினே கீது."

நான் நம்பினேன். இதை இங்கே எழுதிவைக்கிறேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் நம்பிவிட்டேன். தலைவலி, சிரிக்காத முகம், சாத்திய கதவு, எல்லாம் ஒரே நொடியில் கூடிவிட்டது.

"நான் பாத்துக்கிறேன் தேசம்மா, நீ யார்கிட்டயும் சொல்லாத" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஜூலை 16, புதன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கருணாகரன் கெட்டவர் இல்லை. ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணாச்சியப் போயி அப்படிச் சொல்லலாமா ஸ்வர்ணா? ஊர்ல தெரிஞ்சா நாம தலைகாட்ட முடியுமா? அந்தப் புள்ளைக்கும்தான பேரு கெட்டுப்போவும்? போலீசு கீலீசுன்னு போயி எதையும் கெளப்பாத."

அந்தப் பிள்ளையின் பேர். அதைப் பிடித்துக்கொண்டேன். அனுவுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

நாங்கள் கண்டுபிடித்த வழி: பெண் பிள்ளைகளுக்கு இனி செஸ் கிடையாது, ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

பெண் பிள்ளைகள் சீக்கிரமே போய்விட்டார்கள். "நாங்க இன்னா தப்பு பண்ணோம் மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். இருட்டுவதற்குள் போவது நல்லது என்றேன். ஐந்தரைக்கு வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 24, வியாழன்

பையன்கள்? பையன்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லையே. அந்தக் கதவு இன்றும் சாத்தித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 2, சனி

அவரை அனுப்பிவிட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. அண்ணாச்சியே முழங்கால் வலி, ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொன்னாராம். "மரியாதையா அனுப்பிருவோம். பொன்னாடை போட்டு, நாலு வார்த்தை பேசி. இல்லேன்னா ஏன் திடீர்னு போறாருன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க."

சரி என்றேன். அனுப்பினால் போதும் என்றிருந்தது.

ஆகஸ்ட் 9, சனி

பிரிவு உபசார விழா. நம் கடையிலிருந்தே பட்டுச் சால்வை, சரிகைக் கரை போட்டது. ரோஜா மாலை. வந்தவர்களுக்கு மிக்சர், காபி.

சால்வைத் தட்டை யாராவது ஏந்தி வர வேண்டும். இங்கே எப்போதும் பதக்கம் வாங்கிய பிள்ளைதான் ஏந்தும். அது பழக்கம். யாரோ "அனு எங்கே?" என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு பிள்ளையைக் கூப்பிட்டிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நான் சொன்னேன்:

"அனு, வா. தட்டை எடு."

வந்தாள். எடுத்தாள். தட்டைக் கீழே போடவில்லை, அழவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அவர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார். நான் சால்வையைப் போர்த்தினேன். போட்டோ எடுத்தார்கள். நான் மைக் பிடித்து 'இந்தப் பிள்ளைகளுக்குத் தந்தை மாதிரி' என்றேன்.

என்றேன். நான்தான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அனு வரவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்றும் வரவில்லை. ஒரு டப்பா லட்டு வாங்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். லட்டு! இந்தப் புத்திக்கு என்ன செய்வது.

தேசம்மா டப்பாவை வாங்கவில்லை. "அந்தாள நீங்க தொரத்திட்டீங்கோன்னுதான் நெனச்சேன் டீச்சர். மால போட்டு அனுப்பிச்சீங்கோ. அதுவும் எம் பொண்ணு கையால." சத்தம் போடவில்லை. சந்தில் ஆட்கள் இருந்தார்கள் என்பதால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். அவள் என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றினாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

செப்டம்பர் 3, புதன்

மாதா கோயில் திருவிழாக் கூட்டம். காவி உடுத்தி நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மயிலாப்பூரில் பிள்ளைகளுக்கு மாலை நேர கிளப் நடத்தும் ஜமீலுன்னிசா. நேரில் பழக்கமில்லை.

"மேடம், சண்முகவேல்னு ஒருத்தர் செஸ் சொல்லித்தர வர்றேங்கிறார். உங்க விழா போட்டோ காட்டினார். ஒரு பாப்பா தட்டு வச்சிக்கிட்டு நிக்குதே, அதைப் பார்த்ததும் பிள்ளைங்ககிட்ட பாசமா இருப்பார் போலன்னு தோணுச்சு. ஆள் எப்படி?"

"நல்லா சொல்லித்தருவார்."

"தனி ரூமுக்குக் கதவு போட்டுத் தரணுங்கிறார். எங்ககிட்ட எல்லாம் திறந்த ரூம்தான். உங்க இடத்துலயும் கதவு இருந்துச்சாமே?"

"ஆமா. இருந்துச்சு."

"அப்ப சரி மேடம். சனிக்கிழமை ஆசாரி வர்றார், போடச் சொல்லிடறேன். ரொம்ப தேங்க்ஸ்."

எனக்கு வாய் நீளம் என்று கடையில் பில் போடுகிற பெண் வரைக்கும் சொல்வார்கள். அந்த வாய்க்கு இன்று என்ன கேடு?

செப்டம்பர் 4, வியாழன்

ஏன் சொன்னேன்? ஏன்டி சொன்ன? யாரும் உன்ன மிரட்டலையே. பக்கத்துல உன் புருஷன்கூட இல்ல. கூட்டத்துல தண்ணிப் பாக்கெட்ட வச்சுக்கிட்டு, பக்திமான் மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு... அங்க எத்தனை பிள்ளைங்க இருக்குமோ.

நாலு முறை அவள் நம்பரை எடுத்தேன். நாலு முறையும் வைத்துவிட்டேன். இப்போது சொன்னால், ஜூலையிலேயே தெரியுமா என்று கேட்பாள்.

சனிக்கிழமை கதவு வந்துவிடும்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். காலையிலிருந்து போனில் பூங்கொத்தும் வாழ்த்துமாக வந்து விழுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் குப்பத்துக்குப் போனேன். போலீசுக்குப் போகிறதென்றால் முதலில் இவர்களைக் கேட்காமல் முடியாது. மறுபடியும் அந்தப் பிள்ளையைக் கேட்காமல் அவள் விஷயத்தில் எதுவும் செய்யக் கூடாது.

அனு வீட்டு வாசலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். அந்த ஆள் இன்னொரு கிளப்புக்குப் போகப்போகிறார் என்று சொன்னேன். தேசம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அனு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொன்னத நீங்கோ நம்புனீங்களா மிஸ்?"

"நம்பினேன்மா."

"எப்போ?"

"உங்கம்மா சொன்ன அன்னைக்கே."

பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள். "அப்பறம் ஏன் மிஸ் என்னிய தட்டு தூக்கச் சொன்னீங்கோ?"

நம்பவில்லை என்று பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு வலி குறைந்திருக்குமோ? போலீசுக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டேன்.

தேசம்மாவுக்குப் போலீஸ் என்றால் பயம். அனுவின் அப்பா தேசப்பன் கடலுக்குப் போயிருக்கிறார், வந்தால் என்ன சொல்வாரோ என்று இழுத்தாள். அனுதான், "நான் சொல்றேம்மா. ஆனா மொதல்ல மிஸ் சொல்லட்டும்" என்றாள்.

செப்டம்பர் 6, சனி

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "போனா நம்ம குடும்பத்தையே சந்தி சிரிக்க வச்சிருவ" என்றார். சிரிக்கட்டும் என்று ஆட்டோ ஏறினேன்.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதி தாண்டி ஒரு மாடி. ஏறும்போதே இழைப்புளி சத்தம். கதவு சுவரில் சாய்ந்திருந்தது, ஆசாரி நிலையில் கீல் பொருத்தும் இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஒரு நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, பிள்ளைகள் வரும் நேரம் ஆகவில்லை.

"வாம்மா ஸ்வர்ணா, கருணாகரன் சௌக்கியமா?" என்றார். அதே சிரிப்பு. பழக்கத்தில் என் கை கும்பிடப் போனது. பாதியில் இறக்கிக்கொண்டேன்.

"அந்தக் கதவ மாட்டாதீங்க" என்று ஆசாரியிடம்தான் சொன்னேன். பிறகு ஜமீலுன்னிசாவைத் தனியாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அனுவை அறைக்குள் நான் அனுப்பியதை, பெண் பிள்ளைகளை விரட்டியதை, தட்டை, மைக்கை, புதன்கிழமை போனில் சொன்ன பொய்யை.

என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். கேட்டு முடித்துவிட்டு, "என் பொண்ணும் இங்கதான் மேடம் படிக்கிறா. உங்க வார்த்தைய நம்பித்தான் ஆசாரிய வரச்சொன்னேன்" என்றாள். வேறு திட்டவில்லை. என் எதிரிலேயே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டாள். நாங்கள் திரும்பி வந்தபோது நாற்காலி காலி.

மகளிர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி நான் பயந்த அதே கேள்விதான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஜூலை பதினஞ்சு."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவும் குத்தம், தெரியும்ல?"

"இப்பத் தெரியும். எழுதிக்குங்க."

செப்டம்பர் 9, செவ்வாய்

சொந்த ஊருக்கே போய் அவரைப் பிடித்துவிட்டார்கள். அனு தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பெண் அதிகாரியிடம் தன் வாயால் சொல்லியிருக்கிறாள். தேசப்பனும் கூடப் போனாராம். இரண்டு பையன்களின் பெற்றோரும் வந்திருக்கிறார்கள். இரண்டு பையன்கள். அதில் ஒருவனாவது நான் பெண் பிள்ளைகளை ஐந்தரைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்த அந்த நாட்களில்...

முடியவில்லை.

அக்டோபர் 20, தீபாவளி

கடைக்கு ஊர்க்காரர்கள் அவ்வளவாக வரவில்லை. வீட்டுக்காரர் ஒரு மாதமாக என்னோடு பேசுவதில்லை. இன்று காலை எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டியபோது மட்டும், "அன்னைக்கே நீ போறேன்னு சொல்லியிருந்தா நான் தடுத்திருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது குத்திக்கொண்டிருக்கிறது.

மன்றம் பூட்டியே கிடக்கிறது. பலகையை இறக்கிவிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

இன்று மன்றத்தைத் திறந்தார்கள். நான் திறக்கவில்லை, சாவியை மட்டும் கொடுத்தேன். ஜமீலுன்னிசா வாரத்தில் மூன்று நாள் வந்து நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறாள். குப்பத்துத் தாய்மார்கள் முறை வைத்து உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். உள்ளறைக் கதவைக் கழற்றியாகிவிட்டது. கேமரா இப்போது அலமாரியைப் பார்க்கவில்லை.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. என் பேரும் வழக்கில் இருக்கிறது, அது முடிகிற வரை பிள்ளைகள் இருக்கும்போது நான் உள்ளே வரக் கூடாது. அதைச் சொல்லும்போது ஜமீலுன்னிசாதான் சங்கடப்பட்டாள். நியாயம் என்றேன்.

சாயங்காலம் சுண்டல் பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கேட்டிலேயே கொடுத்தேன். பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. அனு வந்திருந்தாள். செஸ் இல்லை, கேரம். சுவரோரமாக, வாசல் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

இன்று தேசம்மாவின் முறை. மீன் விற்று முடித்து நேராக வந்திருந்தாள். அவள் கூடை பாய் பக்கத்திலேயே இருந்தது, வாசம் கேட் வரைக்கும் வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து கேட்டுக்கு வெளியே போட்டாள்.

"எவ்ளோ நேரம் நின்னுகினே இருப்பீங்கோ. உக்காருங்கோ டீச்சர்."

உட்கார்ந்தேன்.