கண்ணாடிப் பெட்டிக்குள் ஜொஹ்ரா

ஓரான் நகரம்

அன்புள்ள அண்ணா,

நம் ஊர் இருபது வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தாய். மின்சாரம் இன்னும் போய்ப்போய்த்தான் வருகிறது, மறுக்கவில்லை.

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள், மூத்தவளைப் போலவே. மூத்தவளை நீதான் கொண்டுபோய் அடக்கம் செய்தாய். குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டி அப்போது நம் ஊர் ஆஸ்பத்திரியில் கிடையாது; இப்போது வந்திருக்கிறது.

இவளை அதில் வைத்ததும் நர்ஸ் வசீலா பெயர் கேட்டாள்.

"பொழைக்கட்டும், அப்புறம் வைக்கலாம்" என்றேன்.

"இங்க பேரில்லாம யாரும் படுக்கறதில்ல அக்கா. சொல்லு."

ஜொஹ்ரா என்றேன்.

நேற்று அவள் தானாகவே என்னிடம் பால் குடித்தாள். நான் வசீலாவின் கையைப் பிடித்து முத்தமிட்டேன். "கைய விடுக்கா, அடுத்த புள்ள அழுவுது" என்று ஓடிவிட்டாள்.

சந்தோஷத்தைச் சொல்ல வீட்டில் வேறு யாரும் இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் தங்கை